பாலினச் சமத்துவத்தைப் பல்கலைக்கழகத்தில் பாடமாக நடத்துவது எப்படி?

பாலினச் சமத்துவமும் பெண்ணுரிமையும் பல பல்கலைக்கழகங்களில் இப்போது பாடத்திட்டத்துக்குள் வந்துவிட்டன. கூடவே குழப்பமும் வந்திருக்கிறது. இது ஒழுக்க வகுப்பா, சட்ட வகுப்பா, சமூகவியலா? பொறியியல் படிப்பவருக்கு இது எதற்கு? "பெண்களை மதிக்க வேண்டும்" என்று சொன்ன பிறகு இரண்டாவது வாரத்தில் நடத்த என்ன மிச்சமிருக்கிறது? மாணவர்கள் கேட்கும் இந்தக் கேள்விகளைப் பாடம் நடத்தப் பணிக்கப்பட்ட ஆசிரியர்களும் தங்களுக்குள் கேட்டுக்கொள்கிறார்கள்.

இத்தனை குழப்பத்துக்கும் வேர் ஒன்றுதான். சமத்துவத்தை ஒரு நற்குணமாக எண்ணிக்கொண்டு கற்பிக்கப் போகிறோம். நற்குணத்தைப் பேசத் தொடங்கினால் அது அறிவுரையாகத்தான் முடியும், இருபது வயதில் அறிவுரை ஏறாது. ஆனால் பாகுபாடு என்பதற்குத் திட்டமான வரையறை இருக்கிறது. அதை அளக்க முறைகள் இருக்கின்றன. அதை மெய்ப்பிக்க வழியும், முறையிட இடமும் இருக்கின்றன. இந்த நான்கையும் மாணவருக்குக் கைவசமாக்கிக் கொடுப்பதுதான் பல்கலைக்கழகம் செய்யக்கூடிய வேலை. மனமாற்றம் வந்தால் நல்லது, ஆனால் பாடத்தை அதன் மேல் கட்ட முடியாது.

முதலில் சொற்கள்

1. பால், பாலினம். பால் உடற்கூறு சார்ந்தது. பாலினம், அந்த உடலுக்குச் சமூகம் ஒதுக்கும் வேலை, நடத்தை, எதிர்பார்ப்பு ஆகியவற்றைக் குறிப்பது. கருவுறுதல் பாலைச் சேர்ந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அலுவலகத்துக்கு விடுப்பு சொல்வது யார் என்பது பாலினத்தைச் சேர்ந்தது. "இயற்கையே அப்படித்தானே" என்று தொடங்கும் வாதங்கள் பெரும்பாலும் இரண்டாவதை முதலாவதாக எடுத்துக்கொள்வதால் வருபவை. ஆகவே எந்த எடுத்துக்காட்டு வந்தாலும் "இது எந்தப் பக்கம்?" என்று முதலில் பிரிக்கச் சொல்லுங்கள்.

2. பெயரளவுச் சமத்துவம், மெய்யான சமத்துவம். விதி எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால் அது பெயரளவுச் சமத்துவம். அந்த விதியின் பயன் எல்லோருக்கும் எட்டினால்தான் மெய்யான சமத்துவம். ஆய்வகம் இரவு 11 மணி வரை அனைவருக்கும் திறந்திருக்கிறது, பெண்கள் விடுதியின் கதவு மட்டும் 8 மணிக்கு மூடப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆய்வக விதியில் குறை காண முடியாது. ஆனாலும் நாளுக்கு மூன்று மணி நேர ஆய்வு ஒரு சாராருக்கு இல்லாமல் போகிறது.

3. நேரடிப் பாகுபாடு, மறைமுகப் பாகுபாடு. "பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம்" என்பது நேரடி. "இடைவெளி இல்லாமல் ஐந்தாண்டுப் பணி அனுபவம் வேண்டும்" என்பதில் பெண் என்ற சொல்லே இல்லை. ஆனால் மகப்பேற்றுக்காக ஓராண்டு விலகியவர்கள் எல்லோரும் வெளியே நிற்பார்கள். இதுதான் மறைமுகம். இன்று வழக்கிலுள்ள பாகுபாட்டில் இவ்வகையே கண்டுபிடிக்கக் கடினமானது என்பதால், வகுப்பு நேரத்தை இதற்கே அதிகம் ஒதுக்குவது நல்லது.

4. குறுக்குவெட்டுப் பாகுபாடு. 1976இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்றில் கறுப்பினப் பெண்கள் ஐவர், ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மீது தொடர்ந்த வழக்கு தீர்ப்புக்கு வந்தது. 1964க்கு முன் அந்த ஆலை கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுத்ததில்லை. கடைசியாக வந்தவர் முதலில் வெளியே என்ற பணிமூப்பு முறையில் ஆட்குறைப்பு நடந்தபோது, அவர்கள்தாம் முதலில் போனார்கள். நிறுவனம் பெண்களை எடுத்திருக்கிறது, எனவே பாலினப் பாகுபாடு இல்லை. கறுப்பினத்தவரையும் எடுத்திருக்கிறது, இனப் பாகுபாடு பற்றிய முறையீட்டைத் தனியே பார்த்துக்கொள்ளலாம் என்ற போக்கில் தீர்ப்பு அமைந்தது. எடுக்கப்பட்ட பெண்கள் வெள்ளையர்கள், எடுக்கப்பட்ட கறுப்பினத்தவர் ஆண்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் நின்றவர்களைச் சட்டம் பார்க்கவே இல்லை. அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லி கிரென்ஷா 1989இல் இந்தக் கருத்தை உருவாக்கியது இதுபோன்ற வழக்குகளை வைத்துத்தான். கோட்பாட்டை விளக்கும் முன் வழக்கைச் சொல்லுங்கள், கோட்பாடு தானே விளங்கும்.

தமிழில் நடத்துவோருக்கு ஒன்று. நம் மொழியில் மாணவன், மாணவி என்ற இரண்டோடு மாணவர் என்ற மூன்றாவது வடிவமும் கையிலேயே இருக்கிறது. ஆய்வாளர், பொறியாளர், நீதிபதி எல்லாம் அப்படித்தான். அப்படியிருந்தும் கேள்வித்தாளில் "ஒரு பொறியாளர் தன் மனைவியிடம்" என்று எழுதிவிடுகிறோம். சொல் பொதுவாக இருந்தாலும் எழுதுபவர் மனத்தில் ஆண் நிற்கிறார். பழைய கேள்வித்தாள்கள் பத்தை எடுத்து யார் என்ன தொழில் செய்கிறார்கள் என்று எண்ணச் சொன்னால் அரை மணி நேரத்தில் இது விளங்கிவிடும்.

உரிமை என்றால், கடமை யாருக்கு?

ஒருவருக்கு உரிமை உண்டென்றால் இன்னொருவருக்குக் கடமை உண்டு. பெண்ணுரிமை பற்றிய ஆவணங்களில் அந்தக் கடமை பெரும்பாலும் அரசின் மேல் வைக்கப்படுகிறது. அதனால் ஒவ்வொரு பிரிவையும் "யார், யாருக்கு, என்ன செய்ய வேண்டும்?" என்ற மூன்று கேள்விகளோடு படிக்கப் பழக்க வேண்டும்.

1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம் நல்ல தொடக்கம். அதன் முதல் பிரிவின் வரைவில், ஆணையும் மனிதரையும் ஒரே சொல்லால் குறிக்கும் ஆங்கில வழக்கே இருந்தது. அதை "மனிதப் பிறவிகள் அனைவரும்" என்று மாற்ற வைத்தவர் இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தா. ஒரு சொல்லுக்கு இவ்வளவு வாதமா என்று மாணவர்கள் கேட்பார்கள். பொதுச் சொல்லில் பெண்ணும் அடங்குவாள் என்ற உறுதியை நம்பிப் பல நாடுகளில் பெண்கள் வாக்குரிமைக்குக் காத்திருந்ததைச் சொல்லலாம். நியூசிலாந்தில் பெண்கள் வாக்களிக்கும் உரிமை பெற்றது 1893இல், சுவிட்சர்லாந்தின் தேசியத் தேர்தல்களில் 1971இல்.

அடுத்து, பெண்களுக்கு எதிரான எல்லா வகைப் பாகுபாடுகளையும் ஒழிப்பதற்கான உடன்படிக்கை. சுருக்கமாக சீடா என்பார்கள். ஐ.நா. பொதுச்சபை இதை 1979 டிசம்பர் 18 அன்று ஏற்றது, 1981 செப்டம்பர் 3 முதல் நடைமுறைக்கு வந்தது. மொத்தம் 30 பிரிவுகள். முழுவதையும் ஒப்பிக்க வைப்பதில் பயனில்லை. நான்கு பிரிவுகளை ஊன்றிப் படித்தால் போதும்.

முதல் பிரிவு, வரையறை. இதற்கு ஒரு வகுப்பு முழுவதையும் கொடுக்கலாம். பெண்களின் உரிமைகளைக் குலைக்கும் "விளைவையோ நோக்கத்தையோ" கொண்ட வேறுபடுத்தல், விலக்கல், கட்டுப்படுத்தல் எல்லாம் பாகுபாடு என்கிறது அது. "விளைவு" என்ற ஒரு சொல்லில்தான் முழு வலிமையும் இருக்கிறது. விதியை எழுதியவர் நல்லெண்ணத்தோடு எழுதினாரா என்ற ஆராய்ச்சி தேவையில்லாமல் போகிறது. விளைவைக் காட்டினால் போதும். மேலே பார்த்த ஐந்தாண்டு அனுபவ விதி இந்தச் சொல்லில்தான் சிக்குகிறது.

4ஆம் பிரிவு தற்காலிகச் சிறப்பு நடவடிக்கைகள் பற்றியது. நடைமுறையில் சமத்துவத்தை விரைவுபடுத்த எடுக்கும் இட ஒதுக்கீடு போன்றவை பாகுபாடாகக் கருதப்படா. குறிக்கோள் நிறைவேறியதும் அவை நிறுத்தப்பட வேண்டும். இரண்டு பாதிகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஒரு பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவதால் வரும் சண்டை ஏராளம்.

5ஆம் பிரிவு, ஒரு பால் தாழ்ந்தது என்ற எண்ணத்தையும் ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் இப்படி என்ற வார்ப்புக் கருத்துகளையும் சார்ந்த வழக்கங்களை மாற்ற அரசுகளைக் கடமைப்படுத்துகிறது. 10ஆம் பிரிவு கல்வி. பாடநூல்களைத் திருத்துவதும் கற்பிக்கும் முறையை மாற்றுவதும் அதில் நேரடியாகவே சொல்லப்பட்டுள்ளன. இந்த வகுப்புக்கே சட்ட அடித்தளம் அங்கேதான் இருக்கிறது.

நடைமுறையையும் காட்டுங்கள். உடன்படிக்கையில் சேர்ந்த நாடு ஓராண்டுக்குள் முதல் அறிக்கையும் பின்னர் குறைந்தது நான்காண்டுக்கு ஒருமுறை அறிக்கையும் தர வேண்டும். 23 வல்லுநர்கள் கொண்ட குழு அதைப் படித்துக் கேள்வி கேட்டு முடிவுரை வெளியிடும். அந்த முடிவுரைகள் எல்லோரும் படிக்கக் கிடைக்கின்றன. மாணவர்கள் தாங்கள் விரும்பும் ஒரு நாட்டின் அறிக்கையையும் குழுவின் முடிவுரையையும் அருகருகே வைத்து, எந்தக் கேள்விக்கு அரசு விடை சொல்லாமல் நழுவியது என்று குறிக்கட்டும்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 190ஆம் உடன்படிக்கையை (2019) விட்டுவிடக் கூடாது. வேலை உலகின் வன்முறையையும் தொல்லையையும் பற்றிய அது, ஒரே ஒருமுறை நடந்தாலும் தொல்லைதான் என்கிறது. பயிற்சிப் பணியில் இருப்போரையும் வேலை தேடி வருவோரையும்கூட அது காக்கிறது. இறுதியாண்டில் பயிற்சிக்குப் போகப்போகும் மாணவருக்கு இதைவிடப் பக்கத்தில் இருக்கும் சட்டம் வேறில்லை.

எண்ணைக் கையில் கொடுத்துப் பாருங்கள்

இந்தப் பாடத்தில் மிகுந்த பயன் தரும் பயிற்சி ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது பெர்க்லி சேர்க்கைக் கணக்கு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1973 இலையுதிர்கால மேற்படிப்புச் சேர்க்கையின் தரவு இது, 1975இல் "சயின்ஸ்" இதழில் ஆராயப்பட்டது. ஐம்பது நிமிடம் ஒதுக்குங்கள்.

படி 1. மொத்தக் கணக்கை மட்டும் கொடுங்கள். விண்ணப்பித்த ஆண்கள் 8,442 பேர், இடம் பெற்றோர் 44 விழுக்காடு. பெண்கள் 4,321 பேர், இடம் பெற்றோர் 35 விழுக்காடு. ஒவ்வொருவரும் தம் முடிவை ஒரே வரியில் எழுதி மடித்து வைக்கட்டும்.

படி 2. பெரிய துறைகள் ஆறின் கணக்கைக் கொடுங்கள்.

துறை அ: ஆண்கள் 825 பேர், 62%; பெண்கள் 108 பேர், 82%
துறை ஆ: ஆண்கள் 560, 63%, பெண்கள் 25, 68%
துறை இ: ஆண்கள் 325, 37%, பெண்கள் 593, 34%
துறை ஈ: ஆண்கள் 417, 33%, பெண்கள் 375, 35%
துறை உ: ஆண்கள் 191, 28%, பெண்கள் 393, 24%
துறை ஊ: ஆண்கள் 373, 6%, பெண்கள் 341, 7%

ஆறில் நான்கு துறைகளில் பெண்களின் விழுக்காடு கூடுதல். மற்ற இரண்டிலும் வேறுபாடு சிறிது. அப்படியானால் மொத்தத்தில் எப்படிக் குறைந்தது? விடையைச் சொல்லிவிடாதீர்கள்.

படி 3. எளிதாக இடம் கிடைக்கும் முதல் இரண்டு துறைகளுக்கு யார் விண்ணப்பித்தார்கள் என்று கணக்கிடச் சொல்லுங்கள். ஆண்களில் 2,691 பேருக்கு 1,385 பேர், பாதிக்குச் சற்று மேல். பெண்களில் 1,835 பேருக்கு 133 பேர், ஏறத்தாழ 7 விழுக்காடு. பெண்கள் பெரும்பாலும் இடம் கிடைப்பது அரிதான துறைகளுக்கே விண்ணப்பித்திருக்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் ஒன்று, சேர்த்துப் பார்த்தால் வேறொன்று காட்டும் இந்த நிலைக்குப் புள்ளியியலில் சிம்ப்சன் முரண் என்று பெயர்.

படி 4. "அப்படியானால் பாகுபாடே இல்லையா?" என்று கேளுங்கள். பெரும்பாலோர் இங்கே "இல்லை" என்று நிறுத்திவிடுவார்கள். ஆய்வை நடத்தியவர்கள் அங்கே நிறுத்தவில்லை. சேர்க்கைக் குழுக்கள் பொதுவாகப் பெண்களை ஒதுக்கியதாகத் தெரியவில்லை என்று சொன்னவர்கள், வளர்ப்பும் முந்தைய கல்வியும் பெண்களை நெரிசல் மிகுந்த, நிதி குறைந்த துறைகளின் பக்கம் தள்ளியிருப்பதைச் சுட்டினார்கள். பாகுபாடு சேர்க்கை அறையில் இல்லாவிட்டால் பள்ளிக் கணக்கு வகுப்பில் இருந்திருக்கலாம், நிதி ஒதுக்கும் மேசையில் இருந்திருக்கலாம். அதைத் தேட எந்தத் தரவு வேண்டும் என்று பட்டியலிடுவதோடு பயிற்சி முடிகிறது.

பாகுபாடு உண்டு என்று முன்பே முடிவுகட்டி வந்தவர் இரண்டாம் படியில் தடுக்கி விழுவார். இல்லவே இல்லை என்று வந்தவர் நான்காம் படியில் விழுவார். ஆசிரியர் எந்தக் கட்சி என்று யாராலும் சொல்ல முடியாத இந்த நேர்மைதான் அடுத்த வாரம் மாணவர்களைக் காது கொடுக்க வைக்கிறது.

ஊதிய இடைவெளியையும் இதே போலத்தான் நடத்த வேண்டும். சூத்திரம் எளிது: ஆண்களின் சராசரி மணிநேர ஊதியத்திலிருந்து பெண்களுடையதைக் கழித்து, ஆண்களுடையதால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். ஆண்களுக்கு 200, பெண்களுக்கு 170 என்றால் இடைவெளி 15 விழுக்காடு. மாத ஊதியத்தை எடுத்தால் எண் மாறும், சராசரிக்குப் பதில் இடைநிலை மதிப்பை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்ணை) எடுத்தாலும் மாறும். தொழில், பட்டம், அனுபவம் ஆகியவற்றைச் சமப்படுத்திக் கணக்கிட்டால் வழக்கமாக எண் சுருங்கும். "சுருங்கிய எண்தான் உண்மை" என்பது தவறான முடிவு. பெண்கள் ஏன் குறைந்த ஊதியத் தொழில்களில் குவிகிறார்கள் என்ற கேள்வியைத்தான் அந்தச் சமப்படுத்தல் கணக்கிலிருந்து நீக்குகிறது. 2023இல் பொருளியலுக்கான நோபெல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின் காட்டியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: உயர்வருவாய் நாடுகளில் இன்றுள்ள இடைவெளியின் பெரும்பகுதி ஒரே தொழிலில் இருப்பவர்களுக்கு இடையே இருப்பது, முதல் குழந்தை பிறந்த பிறகு அது விரிகிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2018ஆம் ஆண்டு அறிக்கைப்படி ஊதியமில்லாப் பராமரிப்பு வேலைக்கு உலக அளவில் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 4 மணி 25 நிமிடமும் ஆண்கள் 1 மணி 23 நிமிடமும் செலவிடுகிறார்கள். இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் வைத்தால் மாணவர்களே இணைத்துக்கொள்வார்கள்.

துறைக்கேற்ற வாசல்

எல்லாத் துறைக்கும் ஒரே எடுத்துக்காட்டு ஒத்துவராது. மருந்தியல் மாணவருக்கு சோல்பிடெம் என்ற தூக்க மருந்து. பெண்களின் உடலிலிருந்து அது மெதுவாக நீங்குவதால் காலையிலும் இரத்தத்தில் அளவு மிகுந்திருந்தது. 2013இல் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு பெண்களுக்கான பரிந்துரையை 10 மில்லிகிராமிலிருந்து 5ஆகக் குறைத்தது. இயந்திரவியல் மாணவருக்குக் கார் மோதல் சோதனைப் பொம்மைகள். பல காலம் நடுத்தர ஆண் உடலே அளவாக இருந்தது, பெண் பொம்மை என்று வந்ததும் பெரிதும் ஆண் உருவைச் சுருக்கியதுதான். அறிவியல் துறைகளுக்கு 2012இல் அமெரிக்காவில் 127 அறிவியல் பேராசிரியர்களிடம் நடந்த சோதனை. ஒரே விண்ணப்பம் சிலருக்கு ஜான் பெயரிலும் சிலருக்கு ஜெனிஃபர் பெயரிலும் போனது. ஜானுக்குச் சொல்லப்பட்ட சராசரி ஆண்டு ஊதியம் 30,238 டாலர், ஜெனிஃபருக்கு 26,508. பெண் பேராசிரியர்களும் அப்படியே மதிப்பிட்டார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையிலான சண்டையாக இந்தப் பாடத்தைப் பார்ப்பவர்களுக்கு அந்தக் கடைசிச் செய்தி முக்கியம்.

வகுப்பறையே முதல் ஆய்வுக்களம்

ஆசிரியர் சமத்துவம் பேசிக்கொண்டிருக்கையில் முன்வரிசை ஆண்கள் நால்வர் மட்டும் விடை சொல்லிக்கொண்டிருந்தால் பாடம் அங்கேயே தோற்றுவிடும். சில சிறு மாற்றங்கள் போதும்.

1. கேள்வி கேட்டபின் குறைந்தது மூன்று நொடி காத்திருங்கள். ஆசிரியர்கள் வழக்கமாக ஏறத்தாழ ஒரு நொடியே காத்திருக்கிறார்கள் என்றும், மூன்று நொடியானால் பேசாதவர்களும் பேச வருகிறார்கள் என்றும் அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ செய்த ஆய்வுகள் காட்டின.

2. வாரம் ஒருவர் கவனிப்பாளர். அவர் தாளில் மூன்று கட்டங்கள்: யார் பேசினார், தானே எழுந்தாரா அழைக்கப்பட்டாரா, யார் இடைமறிக்கப்பட்டார். பெயர் எழுத வேண்டாம், எண்ணிக்கை போதும்.

3. ஐவர் குழுவில் ஒரே ஒரு பெண்ணை வைக்காதீர்கள். குறிப்பெடுக்கும் வேலை அவர் தலையில் விழும், கருவியை மற்றவர்கள் இயக்குவார்கள். குறிப்பு, கருவி, கணக்கு, அறிக்கை என்ற பொறுப்புகளைப் பட்டியல் போட்டு வாரந்தோறும் மாற்றுங்கள்.

எங்கே கவிழ்கிறது

ஆண்டுக்கு ஒரு சிறப்புச் சொற்பொழிவோடு நிறுத்துவது முதல் தவறு. அதில் பயிற்சிக்கு இடமில்லை, எனவே எதுவும் தங்காது.

உரிமையையே பட்டிமன்றப் பொருளாக்குவது இரண்டாவது. "பெண்கள் வேலைக்குப் போகலாமா?" என்று அணி பிரித்தால், வகுப்பில் பாதிப்பேர் தங்கள் இருப்புக்கு நியாயம் சொல்ல நேர்கிறது. வழிமுறையை விவாதப் பொருளாக்குங்கள்: குழந்தை பிறந்தபின் விடுப்பு இருவருக்கும் எத்தனை வாரம், அதில் ஒருவர் மற்றவருக்கு மாற்றித்தர முடியாத பங்கு எவ்வளவு, செலவை ஏற்பது யார்? இதில் உண்மையாகவே பல விடைகள் உண்டு.

"உனக்கு என்ன நேர்ந்தது, சொல்" என்று மாணவிகளைச் சாட்சியாக்குவதும் பெருந்தவறு. சொந்த அனுபவம் தானாக வந்தால் கேளுங்கள், கேட்டு வாங்காதீர்கள். ஆண்கள் குற்றவாளிக் கூண்டில் நிற்பதாக உணர்ந்தால் வாயை மூடிக்கொள்வார்கள், இல்லையேல் கேலியில் இறங்குவார்கள். பேச்சை ஆட்களிலிருந்து விதிகளுக்குத் திருப்பினால் அந்த இறுக்கம் பெருமளவு தளரும்.

எல்லாவற்றையும்விடக் கவனம் வேண்டியது, வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி தனக்கு நேர்ந்த தொல்லையைச் சொல்ல வரும் நேரம். இந்தப் பாடம் நடத்தினால் அது நிகழும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ரகசியத்தை எந்த அளவுக்குக் காக்க முடியும், எதை மேலிடத்துக்குச் சொல்லக் கடமை இருக்கிறது என்பதை முதல் வகுப்பிலேயே அறிவித்துவிட வேண்டும். சொல்ல வந்தால் குறுக்கிடாமல் கேளுங்கள். "ஏன் அங்கே போனாய்?" என்ற கேள்வி வேண்டாம். நீங்களே விசாரிக்கப் புறப்படாதீர்கள், சம்பந்தப்பட்டவரை அழைத்துப் பேசினால் பின்னால் நடக்கும் முறையான விசாரணை கெடும். புகார்க் குழு, மனநல ஆலோசகர், மருத்துவ உதவி ஆகியவற்றின் தொடர்பு விவரங்களை எழுதிக் கையில் கொடுங்கள். உடனடி ஆபத்து இல்லாத வரை, புகார் தருவதா வேண்டாமா என்பது அவருடைய முடிவு. இரண்டு மூன்று நாள் கழித்து ஒருமுறை நலம் கேளுங்கள்.

மதிப்பெண் எதற்கு?

கருத்துக்கு மதிப்பெண் போடக் கூடாது. போட்டால் எல்லோரும் ஆசிரியருக்குப் பிடித்த கருத்தையே எழுதுவார்கள். "சமத்துவத்தை ஆதரிக்கிறீர்களா?" என்ற வினாப்படிவத்தைப் பாடத்தின் முன்னும் பின்னும் கொடுத்து வெற்றியை அளப்பதிலும் இதே கோளாறுதான்.

மாணவர் பார்த்திராத விதி ஒன்றைக் கொடுங்கள். எடுத்துக்காட்டாக: "படிப்பில் ஓராண்டு இடைவெளி இருந்தால் உதவித்தொகை கிடையாது." 25 மதிப்பெண்ணை இப்படிப் பிரிக்கலாம்: எவ்வகைப் பாகுபாடு என்று காரணத்தோடு சொல்வதற்கு 5, அதை மெய்ப்பிக்கத் தேவையான தரவைத் துல்லியமாகக் கேட்பதற்கு 8, பொருந்தும் சட்டப் பிரிவுக்கு 5, மாற்று விதியை எழுதிக் காட்டுவதற்கு 7. கடைசிப் பகுதியில் "விழிப்புணர்வு முகாம் நடத்தலாம்" என்று எழுதினால் மதிப்பெண் இல்லை, விதி அப்படியே இருக்கிறது அல்லவா?

பருவத்தின் இறுதி வேலையாக, குழுவுக்கு நால்வர் வீதம் தங்கள் வளாகத்தின் ஒரு விதியையோ நடைமுறையையோ தணிக்கை செய்யட்டும்: நூலக நேரம், ஆய்வக ஒதுக்கீடு, மாணவர் பேரவைப் பதவிகள், பயிற்சிப் பணிக்கான பரிந்துரைகள். ஐந்துக்கும் குறைவானவர்கள் உள்ள பிரிவின் எண்ணிக்கையை அறிக்கையில் காட்டக் கூடாது, ஆள் யாரென்று தெரிந்துவிடும். தரவு கேட்டுக் கடிதம் எழுதவும் விடை வரவும் நாளாகும் என்பதால் வேலையை நான்காம் வாரத்திலேயே தொடங்கிவிட வேண்டும். முடிந்த அறிக்கையை வகுப்பில் வாசித்துவிட்டு அலமாரியில் வைக்காமல், அந்த விதியை மாற்றும் அதிகாரம் உள்ள குழுவுக்கு அனுப்பி, விடை வர வேண்டிய தேதியையும் அதிலேயே குறிப்பிட வேண்டும்.